விலைப்புள்ளி

ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளி.
அங்கே கணக்கு என் பொறுப்பு.
பாடம் இல்லை, ரசீது.

இன்று பதினான்கு தொடுதிரைப் பலகைகள்.
மூன்று நிறுவனம், மூன்று விலைப்புள்ளி.
குறைந்ததைத் தேர்ந்தால் கேள்வியில்லை,
கூடியதென்றால் அரைப்பக்கம் எழுதணும்.
கடைசிக் கட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது:
"மாணவர் தேர்ச்சியில் எதிர்பார்க்கும் பலன்."
போன வருஷத்து வாக்கியத்தையே ஒட்டிவிடுவேன்.
அதை முதலில் எழுதிய திருமதி ஓங்
ஓய்வுபெற்று, பாத்தாமில்
பூனை வளர்க்கிறாராம்.

இந்த ஊரில் புள்ளி தலைகீழ்.
ஒன்று உச்சி, எட்டு அடிவாரம்.
ஆக, என் வரைபடத்தில்
செலவுக்கோடு ஏற ஏற
மற்றக் கோடு இறங்கவேண்டும்.
நாலு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன்,
மதிய இடைவேளைகளில், மீ சியாம் ஆறிப்போக.
செலவு ஏறியது.
மற்றது, தூக்கம் வராத ஆளைப்போல
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
புரண்டுகொண்டிருந்தது.

பணம் வீண் என்று சொல்லவரவில்லை.
மூன்றாம் மாடிக் கூரை ஒழுகிய காலத்தில்
வாளியில் சொட்டுகிற சத்தம்
வாய்ப்பாட்டை விட உரக்கக் கேட்டது.
கூரைக்குக் காசோலை எழுதிய அன்று
யாரும் என்னிடம் பலன் கேட்கவில்லை.

வீட்டிலும் ஒரு வரைபடம் உண்டு.
யாழிசைக்குக் கணக்கு டியூஷன் நானூற்று இருபது வெள்ளி,
அறிவியலுக்கு முந்நூற்று அறுபது.
மூன்றாக இருந்தது மூன்றாகவே இருக்கிறது.
"நிறுத்திடலாமே" என்றார் அவர்.
"நிறுத்தி, அஞ்சாயிட்டா?"
அந்தக் கேள்விக்குத்தான்
மாதாமாதம் கட்டுகிறோம் போல.

பிறகு, ஹஃபீஸ்.
தொடக்கநிலை ஆறு.
தாமதச் சீட்டு வாங்க
வாரத்தில் மூன்று நாள் என் சன்னலுக்கு வருவான்.
அம்மாவுக்குச் சாங்கியில் இரவு வேலை,
தம்பியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு
வேர்க்க வேர்க்க ஓடிவரணும்.
காரணம் கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.
அவனே என் பேனாவை எடுத்து எழுதுவான்:
தம்பி.

ஜூலையில் கணக்கில் ஏழு.
நவம்பரில் ஐந்து.

இதை எந்த வரியில் சேர்ப்பது?
அவன் வகுப்புப் பலகை பாதி நாள் பழுது.
மிஸ் ஷெரில் ஐந்தரை வரை உட்காரவைத்தார்,
பின்பக்கம் காலியான பழைய தாள்களில்.
நாலு மணிக்குக் குளிர்சாதனம் நின்றுவிடும்,
இரண்டு மின்விசிறிக்குத் தனிக்கணக்கு கிடையாது.
காயா ரொட்டி அவர் கைக்காசு, ரசீது இல்லை.
ஆகஸ்டில் அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறியதும் காரணமாகலாம்.
தம்பி கையைப் பிடிக்காமல் நடக்கப் பழகியதும் ஆகலாம்.
அதே மேசையில், அதே ரொட்டியைத் தின்ற ஷர்வாணிக்கு
அப்போதும் ஏழு, இப்போதும் ஏழு.
முடிவு வந்த அன்று அவள் என் சன்னல் பக்கம்
திரும்பாமலே போனாள்.

ஆறு மணி.
துப்புரவுக்காரர் என் நாற்காலிக்கு அடியில்
துடைப்பத்தை விட்டுக் காத்திருக்கிறார்.
ஒட்டிய வாக்கியத்தை அழித்தேன்.
கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.
சிவப்பில் திரும்பி வந்தது:
இது நிரப்பப்படவேண்டும்.

ஒரு புள்ளி வைத்தேன்.
ஒரேயொரு புள்ளி.

ஏற்றுக்கொண்டது.